சட்டைப் பையில் பாதி மீன்கொத்தி

கேள்வி உங்களது, பதில் பிரிண்டிங் மாஸ்டருடையது

போன இதழில், ஓவியர்கள் வரைந்த இலை, பூ, பறவை போட்ட சட்டைகளைப் பற்றி ஏதோ இரண்டு பத்தி எழுதிவைத்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் படம் வரைகிறார்கள், மீதிப் பேர் அதை வாங்கிப் போட்டு ஏமாந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதனால் இந்த முறை முழுக்கச் சட்டைதான். வேட்டிக் கறை பற்றிக் கேட்ட பல்லடம் வாசகர் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் ஓவியக் கல்லூரி மாணவி. நீர்வண்ணத்தில் செங்காந்தள் வரைந்திருக்கிறேன். அதை அரைக்கைச் சட்டையாகப் போடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். படத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் போதுமா மாஸ்டர்? படத்தின் நகல் இணைத்திருக்கிறேன்.
(வாசகி, கும்பகோணம்)

போதாது கண்ணு. படம் நன்றாக இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. முதலில் பூவைப் பற்றி ஒரு வார்த்தை. கொடியின் தண்டிலிருந்து பாகற்கொடிக்கு வருவதுபோலத் தனியாகச் சுருள் கம்பிகள் கிளம்புவதாக வரைந்திருக்கிறீர்கள். காந்தளுக்கு அப்படிக் கிடையாது. இலையின் நுனியே மெலிந்து, நீண்டு, சுருண்டு பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர்ப் பக்கம் விதைக்காக இதைத் தோட்டம் தோட்டமாகப் போடுகிறார்கள். அங்கே இதற்குக் கண்வலிக்கிழங்கு என்று பெயர். பூக்கும் காலத்தில் ஒரு நடை வந்து வரப்பில் உட்கார்ந்து பாருங்கள். தொட்டுப் பார்த்தால் கையைக் கழுவுங்கள், கிழங்கும் விதையும் விஷம்.

இன்னொன்றும் பார்ப்பீர்கள். பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். பிறகு அடி மஞ்சள், மேலே சிவப்பு. வயதானால் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று வயதும் நிற்கும். இதழ் ஆறும் பின்னோக்கி மேலே வளைந்திருக்கும், மகரந்தத் தாள் ஆறும் குடைக்கம்பி மாதிரி சுற்றிலும் விரியும். நடுவில் இருக்கிற சூல்தண்டு நேராக நீளாது, அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் போகும். இந்த ஒரு மடிப்பை வரைந்துவிட்டால் போதும், பார்த்து வரைந்த ஆள் என்று தெரிந்துவிடும். உங்கள் படத்தில் அது நேராக நிற்கிறது. போட்டோவைப் பார்த்து வரைந்தீர்கள், அதுவும் நேர் எதிரே நின்று எடுத்த போட்டோ. சரிதானே?

இனி துணிக்கு வருவோம். சட்டைத்துணி மீட்டர் கணக்கில் ஓடுவது. அதில் படம் திரும்பத் திரும்ப வர வேண்டும், அதைத்தான் ரிப்பீட் என்கிறோம். அச்சடிக்கிற ரோட்டரி மெஷினில் ஸ்கிரீன் என்பது துளை போட்ட உருளை, துளை வழியாக மை துணியில் இறங்கும். வழக்கமான உருளையின் சுற்றளவு 64 செ.மீ. அப்படியானால் உங்கள் படத்தின் உயரம் 64 ஆகவோ, 32 ஆகவோ, 16 ஆகவோ இருக்க வேண்டும். ஐம்பது செ.மீ. உயரத்தில் வரைந்து கொண்டுவந்தால் மாஸ்டர் கம்ப்யூட்டரில் இழுத்தோ அமுக்கியோ பொருத்துவார். உங்கள் காந்தள் சூரியகாந்தி ஆகிவிடும்.

அடுத்து, வரிசை. ஒரே படத்தைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் பூவெல்லாம் ராணுவ அணிவகுப்பு மாதிரி நிற்கும். அடுத்த வரிசையைப் பாதி உயரம் இறக்கிவைத்தால் கண் ஏமாறும். பட்டறையில் இதை ஹாஃப் டிராப் என்போம். அதையும் செய்துவிட்டு, எட்டு நகல் எடுத்துச் சுவரில் சேர்த்து ஒட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எங்காவது வெள்ளையாக ஒரு கோடு ஆற்று மணல் மாதிரி ஓடும். பக்கத்தில் நின்றால் தெரியவே தெரியாது. ஆயிரம் மீட்டர் ஓடிய பிறகு, சட்டை தைத்து, யாரோ ஒருவர் பஸ் ஸ்டாண்டில் எதிரே நடந்து வரும்போதுதான் தெரியும். அந்த இடத்தில் ஒரு மொட்டோ அரை இலையோ போட்டு அடைக்க வேண்டும்.

கட்டிங் மாஸ்டரையும் நினைவில் வையுங்கள். அவர் துணியை நாற்பது அடுக்கு, ஐம்பது அடுக்கு விரித்து ஒரே வெட்டில் வெட்டுகிறவர். உங்கள் பூ எங்கே விழுகிறது என்று அவர் பார்க்கமாட்டார், பார்க்கவும் நேரமில்லை. பெரிய பூ இரண்டு, சட்டையின் மார்பில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று சரிசமமாக உட்கார்ந்துவிட்டால் அந்தச் சட்டையை யாரும் வெளியே போட்டுக்கொண்டு போகமுடியாது. நான் பார்த்திருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன். பூவைச் சிறியதும் பெரியதுமாகக் கலந்து, தலை மேலேயும் கீழேயும் சாய்ந்தும் இருக்கிற மாதிரி போடுங்கள். எல்லாத் தலையும் மேல்நோக்கியே இருந்தால் துணியை ஒரே திசையில்தான் விரிக்க முடியும், ஒவ்வொரு சட்டைக்கும் துணி கூடுதலாகப் பிடிக்கும். அந்தக் காசைக் கேட்டுத்தான் உங்கள் நண்பர் முகம் சுளிப்பார்.

நிறம் கடைசி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன். நீர்வண்ணத்தின் மஞ்சளிலிருந்து சிவப்புவரை எண்ணினால் உங்கள் படத்தில் பதினெட்டு நிறம் இருக்கிறது. மஞ்சள், சிவப்பு, இரண்டு பச்சை, ஒரு கரும்பச்சைக் கோடு என்று ஐந்துக்குள் முடிக்கலாம். மஞ்சள்மேல் சிவப்பு ஏறுகிற இடத்தில் ஆரஞ்சு தானாகவே வரும், அதற்குத் தனி ஸ்கிரீன் செலவு வேண்டாம். டிஜிட்டல் பிரிண்ட்டில் நிறக் கணக்கே கிடையாது, பதினெட்டும் வரும். ஆனாலும் ஐந்துக்குள் ஒருமுறை வரைந்து பாருங்கள். எது இல்லாமல் போனால் பூ செத்துப்போகிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஹவாய் சட்டை என்று பூப்போட்ட சட்டையை நக்கலடிக்கிறார்கள். அதற்கெல்லாம் ஓவியர் இருந்தாரா, இல்லை மெஷின் போட்ட பூவா?
(வாசகர், சென்னை மயிலாப்பூர். வயது 63, பூச்சட்டை மூன்று வைத்திருப்பவர்)

நக்கலடிப்பவர்கள் பேச்சைக் காதில் வாங்காதீர்கள் ஐயா. ஹவாயின் ஹோனலூலு நகரத்தில் 1930களில் ஜப்பானியத் தையல்காரர்கள் கிமோனோத் துணியின் மிச்சத்தில் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பிய எல்லெரி சுன் என்ற சீன வம்சாவளி வியாபாரி அதை ஆயத்த ஆடையாகக் கடையில் தொங்கவிட்டார். அலோஹா என்ற பெயரை 1936-இலும் அடுத்த ஆண்டிலும் வணிகப் பெயராகப் பதிவும் செய்துகொண்டார். ஆரம்பத்தில் பூவும் மீனும் வரைந்து கொடுத்தவர் அவருடைய சகோதரி எதெல். கடைக்காரர் பெயர் எல்லாருக்கும் தெரியும், வரைந்த பெண்ணின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கும் இதில் பங்குண்டு. சிந்து மாகாணத்து ஹைதராபாத்திலிருந்து போன வாட்டுமல் குடும்பம் ஹோனலூலுவில் கீழைநாட்டுப் பொருள் கடை வைத்திருந்தது. அவர்கள் 1936-இல் எல்சி தாஸ் என்ற ஓவியரிடம் சொல்லி, அந்தத் தீவுப் பூக்களையே வரைய வைத்தார்கள். அதுவரை வந்த துணியில் பெரும்பாலும் இருந்தது ஜப்பானிய மலையும் மூங்கிலும். எல்சி வரைந்தது ஜப்பானுக்குப் போய், பட்டில் கையச்சாக அடிபட்டுத் திரும்பி வந்தது. பூ ஹவாயில், வரைந்ததும் ஹவாயில், அச்சு மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம்.

அந்தக் கடலை மிச்சப்படுத்தியவர் ஆல்ஃபிரெட் ஷாஹீன். விமானப் பொறியியல் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். 1948-இல் கம்பெனி ஆரம்பித்து, அச்சடிக்கும் மெஷினையும் தன் ஆட்களை வைத்தே அங்கே பூட்டினார். ஓவியர்களைச் சம்பளத்துக்கு உள்ளேயே வைத்துக்கொண்டார். என்னைப்போலப் பட்டறைக்காரனுக்கு அவர்மேல் ஒரு தனி மரியாதை. வரைகிற ஆளும் அடிக்கிற ஆளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் பாதிச் சண்டை டீக்கடையிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் மூன்று சட்டையை எடுத்துப் பையைப் பாருங்கள். நல்ல ஹவாய் சட்டையில் பை இருப்பதே தெரியாது. முன்பக்கத்தில் ஓடுகிற செம்பருத்தி இதழ் பையின்மேல் ஒரு நூல் பிசகாமல் தொடரும். பட்டன் பட்டியிலும் அப்படியே. இதற்காகப் பையைத் தனியாகக் குறிபார்த்து வெட்ட வேண்டும், துணி வீணாகும். பையில் ஒரு பாதிப் பூ தனியாக மிதந்தால் அவசரத்தில் தைத்தது.

வெயிலில் வெளுத்த தோற்றம் வேண்டும் என்று 1960களில் துணியைத் திருப்பிப் போட்டு, அச்சடித்த பக்கம் உள்ளே இருக்கும்படி தைக்கவும் ஆரம்பித்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது சட்டையை உள்வெளியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று சொன்னால் இதைச் சொல்லித் தப்பிக்கலாம்.

என் மகன் வாங்கிய யானை டி-ஷர்ட் நாலு துவையலில் வெடித்து, யானைக்குக் குஷ்டம் வந்த மாதிரி இருக்கிறது. துவைப்பதில் தப்பா?
(வாசகி, நாகர்கோவில்)

உங்கள்மேல் தப்பில்லை அம்மிணி, அடுப்பில் தப்பு. அந்த ரப்பர் மாதிரி தடித்த அச்சு பிளாஸ்டிசால். அது காய்வதில்லை, வேகும். மையின் அடிவரைக்கும் சுமார் 160 டிகிரி ஏற வேண்டும். அவசரத்தில் பெல்ட் வேகத்தைக் கூட்டிவிட்டால் மேல்தோல் வெந்திருக்கும், உள்ளே வேகாது. இட்லி மாதிரிதான். கடையிலேயே அச்சை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். வெந்த மை துணியோடு இழுபட்டுத் திரும்பும். வேகாதது கோடு விடும். இனி மிச்சமிருக்கும் யானையை உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள், நிழலில் காயப்போடுங்கள். இஸ்திரியை அச்சின்மேல் நேராக வைத்தால் யானை பெட்டியோடு வந்துவிடும்.

முப்பது வருட அனுபவத்தில் நீங்கள் செய்த பெரிய தப்பு எது? மழுப்பாமல் சொல்லவும்.
(வாசகர், ஈரோடு)

மீன்கொத்தி.

ஒரு வெளிநாட்டு ஆர்டர். ஒரு பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார் வரைந்த வெண்மார்பு மீன்கொத்தி. அவர் வீட்டுப் பின்னால் குளம், அதில் வந்து உட்காரும் பறவையைப் பார்த்தே வரைந்தது. சாக்லெட் நிறத் தலை, சிவந்த அலகு, தொண்டையிலிருந்து மார்புவரை வெள்ளை. நேவி ப்ளூ துணியில் டிஸ்சார்ஜ் முறையில் சாம்பிள் அடித்தோம். டிஸ்சார்ஜ் தெரியாதவர்களுக்கு: மேலே மை பூசுவதில்லை, துணியில் ஏறிய சாயத்தை அந்த இடத்தில் மட்டும் வெளுத்து எடுப்பது. கையால் தடவினால் அச்சு இருப்பதே தெரியாது, துணி துணியாகவே இருக்கும். வாடை மட்டும் கொஞ்சம் மோசம். சாம்பிளில் அந்த வெள்ளை மார்பு பால் மாதிரி வந்தது. வாத்தியார் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பத்து நாள் கழித்து, பறவையின் முதுகு நிறத்திலேயே துணி வேண்டும் என்று தகவல் வந்தது. டர்க்காய்ஸ். ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பையன் போனில் கேட்டான், “மாஸ்டர், நிறம் மட்டும்தான் மாறுது, ஓகேவா?” நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சரி போடு என்றேன். மறுபடி சாம்பிள் அடித்துப் பார்க்கவில்லை.

பருத்தியில் ஏறுகிற சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகை. டிஸ்சார்ஜ் மருந்து பட்டால் நடுவில் முறிந்து நிறம் போய்விடும். டர்க்காய்ஸ் அந்த ஜாதி இல்லை. அதன் நடுவில் செம்பு உட்கார்ந்திருக்கிறது, மருந்துக்கு அசையாது. இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, நானே பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. டிரையரிலிருந்து முதல் பீஸ் வெளியே வந்தபோது வெள்ளை மார்பு இருக்க வேண்டிய இடத்தில் அழுக்கு நீலம். மருந்து பற்றவில்லை, இன்னும் சூடு வை என்றேன். அடுத்ததும் நீலம். நான் வாயை மூடிக்கொண்டு மெஷினை நிறுத்துவதற்குள் அறுநூறு பீஸ் போயிருந்தது.

இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் என்ற வடிவமைப்பாளர் 1883-இல் இதே வேலையைத்தான் செய்தார். அவர் தோட்டத்தில் ஸ்ட்ராபெரியைத் திருடித் தின்ற பறவைகளை வரைந்து, துணியை முழுக்க அவுரி நீலத்தில் முக்கி, வெள்ளை வேண்டிய இடத்தை வெளுத்து, அதன்மேல் சிவப்பும் மஞ்சளும் ஏற்றினார். பல நாள் பிடிக்கிற வேலை. அவுரி சொன்ன பேச்சுக் கேட்கும். டர்க்காய்ஸ் கேட்காது. மனுஷன் எந்த நீலத்தை எடுக்கிறோம் என்று பார்த்து எடுத்தார், நான் சாப்பிட்டுக்கொண்டே எடுத்தேன்.

அறுநூறும் எங்கள் ஊர் மலிவுத் துணிச் சந்தையான காதர்பேட்டைக்குப் போனது. வாத்தியாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஒரு பீஸை விரித்துப் பார்த்துவிட்டு, “குளத்துல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு” என்றார். அவ்வளவுதான் திட்டினார். பையில் ஒரு பாதி மீன்கொத்தி வருமே, அதை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இலை, காடு, புலி போட்ட சட்டை 2,400 ரூபாய். துணியைப் பார்த்தால் பாலியஸ்டர். இது இயற்கையா?
(வாசகர், கோவை)

பாலியஸ்டரில் சூடேற்றி ஆவியாக்கி அச்சடிக்கிற சப்ளிமேஷன் முறையில் புலியின் மீசைமுடி வரைக்கும் வரும், பருத்தியில் அது வராது. அதனால் பாலியஸ்டர் எடுத்திருப்பார்கள். அதற்காக இயற்கை என்று அட்டையில் எழுதுவதுதான் எனக்கும் பிடிப்பதில்லை. ஆனால் பருத்திக்காரன் நான் ரொம்பப் பேசவும் கூடாது. நொய்யல் எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. நாங்கள் பூப்போட்ட பனியன் ஏற்றுமதி செய்த அதே வருடங்களில் அதில் ஓடிய தண்ணீரின் நிறத்தை வைத்து இன்று எந்தச் சாயப்பட்டறையில் என்ன கலர் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஏற்றுத்தான் திறந்தார்கள். புலிச் சட்டை வாங்கும்போது புலியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், தண்ணீரைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள்.

என் மரகதப்புறா ஓவியத்தை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தேன். ஒரு கம்பெனி கேட்காமலே சட்டையில் போட்டு விற்கிறது. என்ன செய்வது?
(வாசகர், திண்டுக்கல்)

முதலில் அந்தச் சட்டை ஒன்றை பில்லோடு வாங்குங்கள். வயிறு எரியும், பரவாயில்லை. தேதி போட்ட மூலப் படம், கரட்டு வரைவுகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

வரைந்த ஓவியத்துக்குக் காப்புரிமை, அதாவது காப்பிரைட், தானாகவே உண்டு. ஆனால் துணிக்கென்றே வரைகிறவர்களுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உருவாக்கிவிட்டால், அந்த வடிவமைப்பில் காப்புரிமை முடிந்தது என்கிறது 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. ஐம்பது சட்டை என்பது பட்டறையில் டீ குடிக்கிற நேரம். 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்தால் பத்து வருடம், நீட்டித்தால் இன்னும் ஐந்து வருடம் பாதுகாப்பு. ஆனால் பதிவுக்குப் போகும்போது அது புதியதாக இருக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் போட்டுப் பாராட்டு வாங்கிய பிறகு போனால் சிக்கல். உங்கள் படம் சுவருக்கு வரைந்ததா, துணிக்கு வரைந்ததா என்பதில்தான் உங்கள் வழக்கு நிற்கும் என்று நினைக்கிறேன், அதை வக்கீலிடம் கேளுங்கள். நான் மை குழைத்தவன்.

ஒரு சந்தேகம்: அவர்கள் போட்ட புறாவுக்கும் அலகு சிவப்பாக இருக்கிறதா? திருடுபவர்கள் நிறத்தைக் குறைக்கும்போது முதலில் அலகைத்தான் கால் நிறத்தோடு சேர்ப்பார்கள்.

கடையில் இந்த மாதிரிச் சட்டை வாங்கும்போது நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?
(வாசகி, மதுரை)

உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன், பையைப் பார்ப்பேன். ஈரக் கைக்குட்டையை அடர்நிறத்தின்மேல் தேய்ப்பேன், விற்பனைப் பையன் முறைப்பான். பிறகு கழுத்து லேபிளில் வரைந்தவர் பெயர் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் சொன்ன விலை கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிற என் வீட்டுக்காரம்மாவைப் பேசவிடுவேன். போன தீபாவளிக்கு அப்படி முந்நூற்று ஐம்பது ரூபாய் குறைத்தார்.